அறுத்த நரம்பு

பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டங்களில் என் சிறுவயதில் கழுத்துக் கழலை சாதாரணம். பூனாகலை, நாயபெத்தைப் பெண்கள் சிலர் முந்தானையைத் தொண்டையோடு சுற்றிக்கொண்டுதான் கொழுந்து நிறுக்க வருவார்கள். 1980களின் பிற்பாதியில் இலங்கையின் 17 மாவட்டங்களில் 59,158 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 18.8 பேருக்குக் கழலை இருந்தது. 1995இல் சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. அதற்கு முந்திய தலைமுறைக்கு, கழலை பெருத்து மூச்சை அடைத்தால் சத்திரசிகிச்சைதான் வழி. "கழுத்த அறுத்தா பேச்சுப் போயிரும்" என்று லயத்துப் பெண்கள் பயந்தார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிய என் அப்பா, அந்தப் பயத்தை அறியாமை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

பயத்துக்குக் காரணம் உண்டு. குரலை ஆட்டிவைக்கும் நரம்பு மூளையிலிருந்து நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, இடப்பக்கம் பெருநாடியின் வளைவைச் சுற்றித் திரும்ப மேலேறி, தைரொய்ட் சுரப்பியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறது. பருமன் சுமார் இரண்டு மில்லிமீற்றர்தான். இரண்டாம் நூற்றாண்டிலேயே வைத்தியர் கேலன் இந்த நரம்பை அறுத்து, கத்திக்கொண்டிருந்த பன்றியை ஊமையாக்கிக் காட்டினார். சுவிற்சர்லாந்தின் தியோடர் கோகர், கழலை சத்திரசிகிச்சையில் சாவைப் பெருமளவு குறைத்ததோடு தைரொய்ட் ஆராய்ச்சிக்காக 1909இல் நோபல் பரிசும் பெற்றார். நரம்பைத் தொடாமல் ஒதுங்கிப் போவதைவிட, தேடிக் கண்ணால் பார்த்துக் காப்பாற்றுவதே மேல் என்று பொஸ்டனின் பிராங்க் லேஹி 1938இல் எழுதினார். இந்த நரம்பைக் காப்பது கழலை வைத்தியத்தில் தலையாய கடமையாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

அதே நரம்பை வேண்டுமென்றே அறுத்த ஒரு வைத்தியரின் கதையை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் அத்தை.

அத்தைக்கு நாற்பது வயதுக்குமேல் பேச்சு இறுக ஆரம்பித்தது. கழுத்தில் வீக்கமில்லை, காய்ச்சலில்லை. பெரட்டில் பேர் கூப்பிட்டால் "வ… வந்… ந்துட்… டேன்" என்று ஒவ்வொரு எழுத்தையும் யாரோ உள்ளிருந்து நெரிப்பதுபோல வரும். கழுத்து நரம்பு புடைக்கும், கண் கலங்கும். கணக்கப்பிள்ளை அதைத் திமிர் என்றார். கோடாங்கி அடித்துப் பார்த்தார்கள், தாயத்து கட்டினார்கள். ஆனால் பேரப்பிள்ளைக்குத் தாலாட்டுப் படிக்கும்போது அதே தொண்டை தடையில்லாமல் ஓடும். "அக்கா, பாட்டு மட்டும் எப்படி வருது?" என்று அப்பா கேட்டார். அந்தக் கேள்விக்குள் சந்தேகம் இருந்ததை அத்தை கண்டுகொண்டார். அதற்குப் பிறகு எங்கள் முன்னால் பாடுவதையே நிறுத்திவிட்டார்.

நடிப்பென்று எல்லாரும் முடிவுகட்டக் காரணமான அந்தத் தாலாட்டுத்தான் நோயின் அடையாளமே. பேசும்போது குரல்நாண்கள் தம் இஷ்டத்துக்கு இறுக மூடிக்கொள்ளும். பாடும்போதும் சிரிக்கும்போதும் குசுகுசுக்கும்போதும் பலருக்கு அந்த இறுக்கம் தளரும். இந்த நோயை 1871இல் ஜெர்மனியின் லூட்விக் டிராவுபே எழுதிவைத்தார். மறு வருஷம், 1872இல், தோட்டத் தொழிலாளருக்கு வைத்தியம் கொடுக்க இலங்கையில் சட்டம் வந்தது. கை ஓயாமல் கொழுந்து பறிக்கவேண்டும் என்பதே தோட்டத்து வைத்தியத்தின் கணக்கு. குரல் நெரிகிறது என்று வந்தவளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கும் ஏறக்குறைய நூறு வருஷம் இதை மனநோய் என்றே வைத்திருந்தார்கள்.

சான் பிரான்சிஸ்கோவின் ஹேர்பட் டீடோ 1976இல் அதை உடைத்தார். முதலில் ஒருபக்க நரம்பில் விறைப்பு ஊசி போட்டு அந்த நாணைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைப்பார். அப்போது குரல் இலகுவானால், பிறகு அதே நரம்பை நிரந்தரமாக அறுப்பார். 34 பேரின் விபரத்தை வெளியிட்டார். குரலில் மூச்சு கலந்தது, ஆனால் நெரிசல் போயிற்று. நோய் உடம்பில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி அதுவரை கிடைத்ததில்லை. டீடோவை நான் மதிப்பது அதற்காக.

பலன் நிலைக்கவில்லை. மேயோ கிளினிக்கின் ஆரன்சனும் டிசாண்டோவும் 1983இல் தங்கள் 33 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மூன்று வருஷத்துக்குள் நூற்றுக்கு 64 பேருக்கு இறுக்கம் திரும்பியிருந்தது. சிலருக்கு முன்பைவிட மோசம். அடுத்த வருஷமே நியூயோர்க்கில் அண்ட்ரூ பிளிட்சர் பொட்டுலினம் ஊசியைக் குரல்வளைத் தசையில் போட்டுப் பார்த்தார். இன்று முதலில் கொடுப்பது அதுதான். மூன்று, நாலு மாதத்துக்கொருமுறை மறுபடி போடவேண்டும்.

கத்தியும் விலகிப் போகவில்லை. லொஸ் ஏஞ்சலிஸின் ஜெரால்ட் பேர்க், முழு நரம்பையும் விட்டுவிட்டு, நாண்களை மூடவைக்கும் தசைகளுக்குப் போகும் கிளைகளை மட்டும் அறுத்தார். பழைய நரம்பு திரும்ப வளர்ந்து ஒட்டாதபடி, கழுத்திலுள்ள வேறொரு நரம்பை அங்கே தைத்தார். 21 பேரின் முடிவை 1999இல் வெளியிட்டார். கியோட்டோவின் நொபுஹிக்கோ இஷ்ஷிக்கி நரம்பின் பக்கமே போகவில்லை. குரல்வளைக் குருத்தெலும்பை முன்பக்கம் நடுவே பிளந்து, சற்றே அகட்டி, டைட்டேனியத் துண்டால் தாங்கி நிறுத்தினார். நாண்கள் இறுகினாலும் முழுதாக அடைக்காது. நோயாளியை மயக்காமல், அந்த இடத்தை மட்டும் விறைக்கவைத்து, மேசையிலேயே பேசச்சொல்லிக் கேட்டுக் கேட்டு அகலத்தைத் தீர்மானிப்பார்கள். என் அத்தையிடம் யாரும் அப்படி, பேச்சை நிறுத்தாமல் காது கொடுத்துக் கேட்டதில்லை.

தோட்டத்து வைத்திய உதவியாளர்களுக்கும் மருத்துவமாதுகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாதக்கணக்காகப் பேச்சு நெரிகிறது என்று ஒருத்தி வந்தால், முதலில் கழுத்தைத் தடவிக் கழலை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு "தாலாட்டு வருதா, சிரிக்க வருதா?" என்று கேளுங்கள். வருகிறது என்றால் நடிப்பென்று எழுதாதீர்கள். அதையே துண்டில் குறித்து, காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் அனுப்புங்கள். நரம்பு வைத்தியரும் பார்க்கவேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள்.