வானொலி வழியே வந்த அளவுகோல்

கடைத்தெருவில் ஒவ்வொரு வணிகரும் தாமே ஒரு கல்லைப் பொறுக்கியெடுத்து, 'இதுதான் ஒரு கிலோ' என்று தராசில் வைத்தால் என்ன ஆகும்? 1920 ஆம் ஆண்டையொட்டி அமெரிக்க வானொலி உலகின் நிலை ஏறக்குறைய அதுதான். அலைபரப்பியின் அலைவெண்ணை அளக்க, கம்பிச்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்த அலைமானி ஒன்றே துணை. ஒருவருடைய அலைமானி காட்டியது அடுத்தவருடையதோடு ஒத்துப்போவதில்லை.

இதற்கு விடை தந்தது வாஷிங்டனிலிருந்த தேசிய அளவைக் கழகம். 1919 இல் டபிள்யூ.டபிள்யூ.வி. என்னும் அழைப்புக் குறியைப் பெற்ற அதன் நிலையம், 1920 மே மாதம் வெள்ளிக்கிழமை மாலைகளில் இசை ஒலிபரப்பிக் கொண்டிருந்தது! 1923 மார்ச்சில்தான் அது தன் உண்மையான பணியைக் கண்டுகொண்டது. 75 முதல் 2,000 கிலோஹெர்ட்ஸ் வரை, அளந்தறிந்த அலைவெண்களை முன்னறிவித்த நேரத்தில் ஒலிபரப்பியது. கேட்பவர் தம் அலைமானியின் முள் நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டால் போதும். துல்லியம் நூற்றுக்கு 0.3 க்குள் இருந்தது.

இது போதுமா? அமெச்சூர் வானொலியாளர்களுக்கு, அதாவது 'ஹாம்'களுக்கு, விரைவில் போதாமல் போயிற்று. அமெரிக்க ஹாம்கள் 7,000 முதல் 8,000 கிலோஹெர்ட்ஸ் வரை தாராளமாக உலவி வந்தனர். 1927 வாஷிங்டன் மாநாட்டின் முடிவு 1929 இல் நடைமுறைக்கு வந்தபோது, மேல் எல்லை 7,300 ஆகச் சுருங்கியது. நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். தட்டில் 7,290 என்று காட்டும் கருவியில் நூற்றுக்கு 0.3 பிழை இருந்தால், அலை உண்மையில் 7,312 இல் போய்க்கொண்டிருக்கலாம். உரிமம் பெற்றவர் விதியை மீறியவராகிவிடுவார்; அவருக்கே அது தெரியாது!

குவார்ட்ஸ் படிகம் இங்கே கைகொடுத்தது. தக்க அளவில் வெட்டிய படிகம் மின்னூட்டத்தால் தன் இயல்பான அலைவெண்ணில் அதிர்ந்துகொண்டே இருக்கும். அமெரிக்க இயற்பியலறிஞர் வால்டர் கேடி, 1923 இல் இத்தகைய படிகங்களை இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து நாடுகளுக்கு எடுத்துச் சென்று, அந்நாடுகளின் அளவைகளைத் தம் நாட்டு அளவையோடு ஒப்பிட்டார். ஆயினும் படிகமும் தட்பவெப்பத்தாலும் வயதாலும் சிறிது விலகும். அதைச் சரிபார்க்க மீண்டும் அதே நிலையம்தான். 1930களில் அது 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பத் தொடங்கியது. 1936 இல் இசைக்கருவிகளுக்குச் சுருதி சேர்க்க 440 ஹெர்ட்ஸ் ஒலியும், அடுத்த ஆண்டில் நொடிக்கு நொடி 'டிக்' ஒலியும் சேர்ந்தன. 1940 நவம்பரில் தீ விபத்து நிலையத்தையே அழித்தது. ஐந்தே நாளில் ஒலிபரப்பு மீண்டது.

இனி, ஒரு ஹாம் தம் கருவியைச் சரிபார்த்த முறையைப் பார்ப்போம். தம்புராவில் இரு தந்திகளை ஒரே சுருதிக்குக் கூட்டும்போது, ஒலி ஏறி இறங்கி விம்முவதைக் கேட்டிருப்பீர்கள். பள்ளியில் படித்த 'விம்மல்கள்' இவைதாம். அலைபரப்பலும் ஏற்றலும் ஒன்றாக அமைந்த டிரான்சீவர்கள் பலவற்றில் 100 கிலோஹெர்ட்ஸ் படிகம் ஒன்று இருக்கும். அதன் நூறாவது சீரிசை 10 மெகாஹெர்ட்ஸ். ஏற்பியை நிலையத்துக்குத் திருப்பிப் படிகத்தை இயக்கினால் ஒரு சீழ்க்கை கேட்கும். அது 300 ஹெர்ட்ஸ் என்றால், படிகம் 3 ஹெர்ட்ஸ் விலகியிருக்கிறது. சிறு மின்தேக்கி ஒன்றை மெல்லத் திருகத் திருகச் சீழ்க்கை தாழ்ந்து, காதுக்கு எட்டாமல் மறையும். இங்கேதான் அவசரக்காரர்கள் ஏமாந்தார்கள். மறைந்தது பூச்சியமன்று, இன்னும் 20, 30 ஹெர்ட்ஸ் மிச்சமிருக்கலாம். பொறுமையுள்ளவர் அலைவலிமையைக் காட்டும் முள்ளைக் கவனிப்பார். அது நொடிக்கு ஒருமுறை ஆடும் வரை திருகினால், வேறுபாடு ஒரு ஹெர்ட்ஸ்! பிறகு அதே படிகத்தின் எழுபதாவது சீரிசை 7,000 கிலோஹெர்ட்ஸ் எல்லையைத் தட்டில் காட்டிவிடும். விலையுயர்ந்த ஆய்வகக் கருவி எதுவும் தேவையில்லை.

ஒரு வரம்பு உண்டு. இப்போது நிலையத்தில் அணுக்கடிகாரம் இருப்பினும், அலை நம்மை அடைவது அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித்தான். அம்மண்டலம் அசையும்போது டாப்ளர் விளைவால் அலைவெண் சற்றே பிறழும். விடியலிலும் அந்தியிலும் இது மிகுதி. அந்நேரங்களைத் தவிர்ப்பது நல்லது.

1966 முதல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸில் இயங்கும் இந்நிலையத்தை, செலவைக் குறைக்க மூடலாம் என்று 2018 இல் வரவுசெலவுத் திட்டத்தில் யோசனை வந்தது. ஹாம்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். நிலையம் தப்பியது. 2019 அக்டோபரில் அதன் நூற்றாண்டுக்கு ஹாம்களே அங்கு வந்து, பக்கத்திலேயே சிறப்பு நிலையம் அமைத்துக் கொண்டாடினர்.

நம் நாட்டிலும் புதுதில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் ஏ.டி.ஏ. என்னும் குறியுடன் 10 மெகாஹெர்ட்ஸில் இவ்வாறு ஒலிபரப்பி வந்தது; பின்னர் நின்றுபோயிற்று. சிற்றலை வானொலி உங்களிடம் இருந்தால், இரவில் 10 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பிப் பாருங்கள். 'டிக், டிக்' என்று கேட்டால், அது பெரும்பாலும் சீனாவின் பி.பி.எம். நிலையமாக இருக்கும்.