பாலைவனத்தில் நின்ற 28 விமானங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டூசான் என்று ஒரு ஊர். அதன் ஓரத்தில் டேவிஸ்-மாந்தன் விமானப்படைத் தளம். வேலை முடிந்த ராணுவ விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்தும் இடம் அது. கூகிள் எர்த்தில் போய்ப் பாருங்கள், வரிசை வரிசையாக நிற்கும். மழை குறைவு, காற்றில் ஈரம் கிடையாது, அதனால் லேசில் துருப்பிடிக்காது. தரையும் இறுகிப்போன மண், கான்கிரீட் போடாமலே விமானத்தை நிறுத்தலாம். எரிபொருளை வடித்துவிட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, கண்ணாடி, இடுக்கு எல்லாவற்றையும் வெள்ளைப் பூச்சால் மூடிவிடுவார்கள்.

வழக்கமாக அங்கே வருவதெல்லாம் ரிட்டயர் ஆன கிழங்கள். ஆனால் 90களின் தொடக்கத்தில் 28 புத்தம்புது எஃப்-16 போர் விமானங்கள், டெக்சாஸ் ஃபோர்ட் வொர்த் தொழிற்சாலையிலிருந்து நேராக அங்கே வந்து இறங்கின. காசு கட்டியது பாகிஸ்தான். நிறுத்தி வைத்தது அமெரிக்கா. நிறுத்தி வைத்த செலவையும் பாகிஸ்தான் கணக்கில்தான் எழுதினார்கள். காரை புக் பண்ணி, பணமும் கட்டின அப்புறம், ஷோரூம்காரன் வண்டியும் தரமாட்டேன், பார்க்கிங் காசும் கொடுன்னு கேட்டா எப்படி இருக்கும்? அதே கதை. பதிவு கொஞ்சம் நீளம், டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

பாகிஸ்தானுக்கு அமெரிக்க விமான ஆசை எஃப்-16-ல் தொடங்கியதில்லை. 70களின் நடுவில் கிஸிங்கர் காலத்தில் 110 ஏ-7 விமானங்கள் பற்றிப் பேச்சு நடந்தது. பிரான்சிடம் அணு மறுசுத்திகரிப்பு ஆலை வாங்கும் திட்டத்தைக் கைவிட்டால் விமானம் தருகிறோம் என்பது பேரம். பூட்டோ மசியவில்லை. 1977-ல் கார்ட்டர் வந்து அந்தப் பேச்சையே ஊற்றி மூடினார். 1979 ஏப்ரலில், அணு விவகாரத்தைக் காட்டி உதவியையும் நிறுத்தினார்.

அதே வருடம் டிசம்பரில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. ஒரே மாதத்தில் எல்லாம் தலைகீழ். 1980 ஜனவரியில் கார்ட்டர் 40 கோடி டாலர் தருகிறேன் என்றார். ஜெனரல் ஜியா அதை வேர்க்கடலைக் காசு என்று சொல்லித் தள்ளிவிட்டார். கார்ட்டர் ஊரில் வேர்க்கடலை விவசாயி! ஜியாவைப் பத்தி எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு, ஆனா அந்தக் குசும்பை ரசிக்காம இருக்க முடியலை :-)

காத்திருந்தது பலித்தது. 1981-ல் ரீகன் அரசு 320 கோடி டாலர் உதவியும், தனியாக 40 எஃப்-16 விற்கவும் சம்மதித்தது. அன்றைய தேதிக்கு அமெரிக்காவின் சொந்தப் படைக்கே அது புது விமானம். 'வேறு சாதாரண விமானம் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள், பாகிஸ்தான் பிடிவாதமாக நின்றது. விமானத்துக்குள் இருக்கும் ஒரு கருவிக்குக்கூட சண்டை நடந்தது. எதிரி ராடார் நம் மேல் படும்போது விமானிக்கு எச்சரிக்கை கொடுக்கும் பெட்டி அது. ஏஎல்ஆர்-69 என்ற புதுசை அமெரிக்கா தர மறுத்து, பழைய மாடலைக் கொடுக்கப் பார்த்தது. அது இல்லாவிட்டால் விமானமே வேண்டாம் என்று பாகிஸ்தான் விமானப்படை சொல்ல, கடைசியில் அமெரிக்கா இறங்கிவந்தது. 1983 ஜனவரியில் முதல் விமானங்கள் சர்கோதாவில் இறங்கின.

ஆப்கான் எல்லையில் அவற்றுக்கு நிறைய வேலை இருந்தது. 1988 ஆகஸ்டில் ஒரு எஃப்-16 சுட்டு வீழ்த்திய சோவியத் விமானத்தில் இருந்தவர் அலெக்சாண்டர் ருட்ஸ்கோய். பின்னாளில் எல்ட்சினின் துணை ஜனாதிபதி ஆனாரே, அவரேதான்.

இனி வில்லன் அறிமுகம்: பிரஸ்லர் சட்டத் திருத்தம். தெற்கு டகோட்டா செனட்டர் லாரி பிரஸ்லர் பேரில் 1985-ல் வந்தது. பாகிஸ்தானிடம் அணுகுண்டு இல்லை என்று அமெரிக்க ஜனாதிபதி வருடாவருடம் எழுத்துமூலம் சான்றளிக்க வேண்டும். அளிக்காவிட்டால் உதவி, ராணுவ விற்பனை எல்லாம் கட்.

பலரும் இது பாகிஸ்தானை மடக்கப் போட்ட சட்டம் என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது விற்பனையைக் காப்பாற்றப் போட்ட சட்டம். 1984-ல் செனட்டர்கள் கிரான்ஸ்டனும் க்ளென்னும் (விண்வெளி வீரர் ஜான் க்ளென்தான்) இதைவிடக் கடுமையான ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது நிறைவேறினால் உதவி உடனே நின்றுவிடும் என்று ரீகன் அரசு பதறி, அதற்குப் பதிலாக இந்த மிதமான வடிவத்தை ஏற்றுக்கொண்டது. 'குண்டு இல்லை' என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமே, வண்டி ஓடும்.

வண்டி ஓடவும் செய்தது. 1987 தொடக்கத்தில் நம்ம ஊர் பத்திரிகையாளர் குல்தீப் நய்யாரிடம் ஏ.க்யூ. கான் பேட்டி கொடுத்தார். குண்டு விஷயத்தைக் கிட்டத்தட்ட ஒப்புக்கொண்ட அந்தப் பேட்டி உலகம் முழுக்க செய்தியானது. அந்த வருடமும் ரீகன் கையெழுத்துப் போட்டார். 1988-லும் போட்டார். 1989-ல் புஷ் (அப்பா புஷ்) போட்டார்.

இந்த தைரியத்தில்தான் பாகிஸ்தான் பெரிய ஆர்டர் கொடுத்தது. 1988 டிசம்பரில் 11, 1989 செப்டம்பரில் 60, ஆக மொத்தம் 71 விமானங்கள். 60 விமானங்களுக்கான பேச்சு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, இந்த எஃப்-16 அணுகுண்டு சுமக்குமா என்று கேட்டார்கள். பெரிய மாற்றங்கள் செய்யாமல் முடியாது என்று பென்டகன் அதிகாரி சாட்சி சொன்னார். அது உண்மையில்லை என்று உள்ளேயிருந்தே ஆட்சேபித்தவர் ரிச்சர்ட் பார்லோ என்ற ஆய்வாளர். 1989 ஆகஸ்டில் வேலை போனது, விற்பவருக்கில்லை, பார்லோவுக்கு.

ஆனால் 1989 பிப்ரவரியிலேயே கடைசி சோவியத் படைவீரன் ஆப்கானிஸ்தானை விட்டுக் கிளம்பியாகிவிட்டது. பாகிஸ்தான் இதை சரியாகக் கணக்குப் போடவில்லை என்பது என் எண்ணம். அத்தனை வருடம் அந்தக் கையெழுத்து விழுந்தது குண்டு இல்லாததால் இல்லை, போர் இருந்ததால். போர் முடிந்தது. 1990 அக்டோபரில் புஷ் கையெழுத்துப் போடவில்லை. ஐந்து வருடம் தூங்கிய சட்டம் எழுந்து உட்கார்ந்தது.

அதற்குள் தொழிற்சாலையில் வேலை தொடங்கியிருந்தது. 71-ல் 28 தயாராகி நேரே பாலைவனம் போய்ச் சேர்ந்தன. ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த விமானங்களுக்கு உதிரிபாகமும் நின்றது. ஆனாலும் பாகிஸ்தான் 1993 வரை தவணை கட்டிக்கொண்டே இருந்தது! இன்னிக்கு இல்லாட்டியும் நாளைக்குத் தருவாங்க என்ற நம்பிக்கை ஒரு பக்கம், நிறுத்தினால் ஒப்பந்தத்தை முறித்த பழி நம் மேல் விழும் என்ற பயம் ஒரு பக்கம் இருந்திருக்க வேண்டும். ஆகக் கட்டியது சுமார் 65.8 கோடி டாலர். பஞ்சத்திலும் கடனிலும் தள்ளாடிய ஒரு நாட்டின் காசு அது. எதிரி நாடுதானே என்று சிரித்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. கராச்சியிலோ முல்தானிலோ ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட ஆகியிருக்கும் பணம்.

1995 ஏப்ரலில் பேனசிர் வாஷிங்டன் போனார். பணத்தையும் வைத்துக்கொண்டு பொருளையும் வைத்துக்கொள்வது நியாயமில்லை என்று கிளிண்டனே பகிரங்கமாகச் சொன்னார். அதன் பிறகு வந்த பிரவுன் திருத்தத்தின்படி, முடங்கிக் கிடந்த சுமார் 37 கோடி டாலர் ராணுவச் சாமான் விடுவிக்கப்பட்டது. எஃப்-16 மட்டும் கிடையாது. யாருக்காவது விற்று அந்தக் காசைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று ஆள் தேடினார்கள். ஒன்பது விமானங்களை வாங்குவதாக இருந்த இந்தோனேசியா, மனித உரிமை விமர்சனத்தில் கடுப்பாகி 1997-ல் விலகியது.

1998 மே 11, 13 தேதிகளில் நாம் பொக்ரானில் வெடித்தோம். பாகிஸ்தானும் வெடித்துவிடாமல் தடுக்க ஸ்ட்ரோப் டால்பாட்டும் ஜெனரல் ஜின்னியும் இஸ்லாமாபாத் பறந்தார்கள். பையில் கொண்டுபோன ஆசை மிட்டாய்களில் அந்த எஃப்-16களும் இருந்தன. எட்டு வருடம் ஏமாந்தவன் அதற்கா மயங்குவான்? மே 28-ல் சாகாய் மலை வெளுத்தது. குண்டு செய்யாதே என்று பிடித்து வைத்த விமானம், குண்டு வெடிக்காதே என்று கொடுக்க வந்தபோது செல்லாக்காசாகி இருந்தது.

பாகிஸ்தான் வழக்குப் போடப்போகிறது என்ற நிலை வந்தபிறகு, 1998 டிசம்பரில் நவாஸ் ஷெரீப் அமெரிக்கா போனபோது பைசல் ஆனது. 32 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேலே ரொக்கம். அதையும் அமெரிக்க அரசு, வழக்குகளில் தோற்றால் இழப்பீடு கொடுக்க வைத்திருக்கும் நிதியிலிருந்து எடுத்தது. மீதிக்கு? கோதுமை உள்ளிட்ட சரக்குகள். போர் விமானத்துக்குக் கட்டிய காசு கோதுமையாகத் திரும்பி வந்த அதிசயம் வேறெங்காவது நடந்திருக்குமா தெரியலை.

அந்த 28-ஐ வாடகைக்கு எடுக்க நியூசிலாந்து முன்வந்தது. 2000 மார்ச்சில் ஹெலன் கிளார்க் அரசு வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பிறகு 14 விமானங்கள் நெவாடாவில் ஃபாலன் தளத்துக்குப் போயின. டாப் கன் பயிற்சியில் அமெரிக்க விமானிகளுக்கு எதிரியாக நடிக்கும் வேடம். செப்டம்பர் 11-க்குப் பிறகு பாகிஸ்தான் மீண்டும் வேண்டப்பட்ட நாடானது. 2005 டிசம்பரிலிருந்து, இதே 28-ல் சில விமானங்கள் உபரிப் பொருள் என்ற பெயரில் பாகிஸ்தானுக்கே போய்ச் சேர்ந்தன. பதினைந்து வருடம் லேட் டெலிவரி!

2006-ல் 18 புது எஃப்-16களுக்கு ஒப்பந்தமானது. 2010-ல் வரத்தொடங்கின. முதலில் 36 கேட்டிருந்தார்கள். 2005 அக்டோபர் நிலநடுக்கத்துக்குப் பிறகு குறைத்துக்கொண்டார்கள். அதன் நிபந்தனைகளைப் படித்தபோது எனக்கு எங்க ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது. நாங்கள் விற்கும் சாஃப்ட்வேரை எந்த சர்வரில் போடலாம், யார் தொடலாம் என்பதெல்லாம் லைசென்ஸில் இருக்கும். காசு கொடுத்தவர் உபயோகிப்பாளர்தான், உரிமையாளர் இல்லை. அங்கேயும் அப்படியே. தனித் தளம், பாதுகாப்பைக் கண்காணிக்க அமெரிக்க ஆட்கள், பாகிஸ்தான் எல்லைக்கு வெளியே பறக்க முன் அனுமதி. 2019 பிப்ரவரியில் பாலாகோட்டுக்கு மறுநாள் நடந்த மோதலுக்குப் பிறகு, நம் விமானப்படை ஆம்ராம் ஏவுகணைத் துண்டைக் காட்டி 'எஃப்-16 வந்தது' என்று சொன்னதன் பின்னணி இதுதான். அந்தத் துண்டு அமெரிக்காவுக்குக் காட்டிய லைசென்ஸ் மீறல் புகார்.

2016-ல் எட்டு விமானங்கள் வாங்கப் பார்த்தார்கள். மானியம் தர அமெரிக்க செனட் மறுத்ததால் அதுவும் போனது. சீனாவோடு சேர்ந்து செய்யும் ஜேஎஃப்-17, 2022-ல் படையில் சேர்ந்த ஜே-10சி எல்லாம் இந்த 28 விமானங்களின் பேரப்பிள்ளைகள் என்றுதான் சொல்வேன்.

பக்கத்து வீட்டுக் கதைதானே என்று நாமும் இருக்க முடியாது. அதே 1998 மே மாதம், தேஜஸ் விமானத்தின் கட்டுப்பாட்டு சாஃப்ட்வேருக்காக அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நம் எஞ்சினியர்களை மூட்டை கட்டச் சொன்னார்கள். கருவிகளையும் தர மறுத்தார்கள். மிச்சத்தை பெங்களூரில் நாமே எழுதி முடித்து, 2001 ஜனவரி 4-ம் தேதி தேஜஸ் பறந்தது. பறந்தது அமெரிக்க ஜிஇ எஞ்சினில். 2021-ல் 99 எஞ்சினுக்கு ஆர்டர் கொடுத்தோம், முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். இந்தத் தாமதத்துக்குக் காரணம் தடை இல்லை, தொழிற்சாலைப் பிரச்சினை. ஆனால் எஞ்சின் இல்லாமல் நிற்கும் விமானத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. காவேரி எஞ்சின் என்று நாமே ஒன்று செய்யப் பார்த்தோமே, அது என்ன ஆச்சு என்பது இதைவிடப் பெரிய கதை. இன்னொரு நாள் எழுதறேன்.