பாம்பனுக்கு அந்தப் பக்கம்

1931. ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம் பிறந்த ஆண்டு. தீவிலிருந்து வெளியே வர அப்போது இரண்டே வழி - படகு, அல்லது 1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம். ரோடு? அது வர இன்னும் ஐம்பத்தேழு வருஷம் இருந்தது! நடுராத்திரியில் ஒரு பெண்ணுக்கு இடுப்பு வலி கண்டால், காலை ரயில் வரைக்கும் வலி காத்திருக்குமா என்ன? மருத்துவச்சியைத்தான் கூட்டி வர வேண்டும்.

யார் இந்த மருத்துவச்சி? தமிழகக் கிராமங்களில் பெரும்பாலும் நாவிதர் குடும்பத்துப் பெண். அம்மாவிடமோ மாமியாரிடமோ கூடவே நின்று கற்ற கைப்பழக்கம்தான் படிப்பு. வயிற்றைத் தடவியே, பிள்ளையின் தலை எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். கூலி, கொஞ்சம் நெல், ஒரு புடவை, வெற்றிலை பாக்கு. குழந்தையை முதலில் ஏந்துவது அவர் கைதான். ஆனால், தீட்டுக் கழித்த பிறகு அதே வீட்டின் உள்கட்டுக்குள் அவர் காலெடுத்து வைக்க முடியாது. நம் பெருமைமிகு பண்பாட்டில் இதுவும் சேர்த்தி!

வெள்ளைக்கார டாக்டர்கள் இவர்களை வறுத்தெடுத்தார்கள். அழுக்கு, அறியாமை, ஆபத்து... 1903-ல் கர்சன் பிரபுவின் மனைவி, விக்டோரியா ராணி பெயரில் நிதி திரட்டி நாட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர ஏற்பாடு செய்தார். 1926-ல் மெட்ராஸ் மாகாணத்தில் நர்ஸ்கள், மருத்துவச்சிகளுக்கான சட்டமே வந்துவிட்டது.

குற்றச்சாட்டில் உண்மை உண்டு. கையில் கிடைத்த கத்தியால் தொப்புள்கொடியை வெட்டி, டெட்டனஸ் வந்து செத்த பச்சைக் குழந்தைகள் ஏராளம். சரி, ஆஸ்பத்திரி மட்டும் யோக்கியமா? வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள். 1846-ல், டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும் பார்த்த வார்டில் நூறு தாய்மார்களுக்குப் பதினோரு பேர் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த வார்டில் மூன்று பேருக்கும் குறைவு! காரணத்தைப் பிடித்தவர் செம்மல்வைஸ் என்ற டாக்டர். பிணத்தை அறுத்த கையோடு மாணவர்கள் நேராகப் பிரசவம் பார்க்க வந்துகொண்டிருந்தார்கள். 1847-ல் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். சாவு மளமளவென்று குறைந்தது. சக டாக்டர்கள் பலருக்குக் கோபம்தான் வந்தது.

ஆனால் எவ்வளவு கழுவின கையாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் தோற்றுப்போகும். குழந்தை பிறந்தபின் கர்ப்பப்பை சுருங்காமல் ரத்தம் கொட்ட ஆரம்பித்தால், இரண்டு மணி நேரத்தில்கூட உயிர் போய்விடலாம். ஊசி வேண்டும், ரத்தம் வேண்டும், சமயத்தில் ஆபரேஷன் தியேட்டர் வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல். நடுவில் கடல். ரோடு பாலம் திறந்தது 1988 அக்டோபர் 2-ல். அதுவரை எத்தனை தாய்மார்களின் உயிர் ரயில் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்ததோ!

இங்கிலாந்தில் சுமார் 64 ஆயிரம் பிரசவங்களை ஆராய்ந்து 2011-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். எல்லாம் சிக்கலில்லாத, ஆரோக்கியமான பெண்களின் பிரசவங்கள். இரண்டாவது, மூன்றாவது பிரசவத்தை வீட்டில் வைத்துக்கொண்டவர்களின் குழந்தைகளுக்குக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. தலைப்பிரசவம் என்றால் கதையே வேறு. ஆஸ்பத்திரியில் ஆயிரத்துக்கு ஐந்து குழந்தைகளுக்குப் பெரிய பாதிப்பு என்றால், வீட்டில் ஒன்பது. தலைப்பிரசவக்காரர்களில் 45 சதவிகிதம் பேரை ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டி வந்தது. இத்தனைக்கும் பக்கத்தில் நின்றவர் முறையாகப் படித்த மருத்துவச்சி, கூப்பிட்டால் ஆம்புலன்ஸ்.

2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தார்களே, அங்கே இரண்டுமே இல்லை. அந்தத் தாய் ரத்தப்போக்கில் இறந்துபோனார். 'நம் பாட்டிமார் பெறவில்லையா?' என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறவர்கள், பெறப்போய் இறந்த பாட்டிகளைக் கணக்கில் சேர்ப்பதேயில்லை.

தமிழ்நாட்டில் 2019-21 கணக்குப்படி ஆஸ்பத்திரிப் பிரசவம் 99 சதவிகிதத்துக்கு மேல். ராமநாதபுரத்துக்கு 2022-ல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. கூடவே இன்னொரு கணக்கு... அதே ஆய்வில், நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன்! இத்தனை கத்தி தேவைதானா என்று டாக்டர்களே முணுமுணுக்கிறார்கள். சுகப்பிரசவத்தைப் பொறுமையாகப் பார்க்க மருத்துவச்சிகள் வேண்டும் என்று மத்திய அரசு 2018 டிசம்பரில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பதினெட்டு மாதப் பயிற்சி, வேலை ஆஸ்பத்திரிக்குள்ளேயே. அந்தக்கால மருத்துவச்சியின் பேத்தியும் சேரலாம், நர்ஸிங் முடித்திருந்தால்!