உடையார்பாளையத்தில் ஒலித்த கனம்

காஞ்சி வரதராஜரின் திருமேனி உடையார்பாளையம் ஜமீனில் அடைக்கலம் இருந்து 1710-ல் ஊர் திரும்பியது. அதே ஜமீன் பிற்காலத்தில் ஒரு பெரும் இசைவாணரையும் போற்றி வைத்திருந்தது. அவர் கனம் கிருஷ்ணையர்.

இன்றைய அரியலூர் மாவட்டத்துத் திருக்குன்றம்தான் அவருடைய ஊர். இசையைத் தொழிலாகக் கொண்ட குடும்பம். தஞ்சை அரண்மனைக்கு வந்த பொப்பிலி கேசவையா கன மார்க்கத்தில் பாடியதும் சபை பிரமித்துப்போனது. "இதைக் கற்க யாரேனும் உண்டா?" என்று அரசர் கேட்டார். முன்வந்தவர் இளைஞர் கிருஷ்ணையர்.

கனம், நயம், தேசிகம் என்று பாடும் வழியை மூன்றாகச் சொல்வார்கள். கனம் அடிவயிற்றிலிருந்து எழும்பும் நாதம். குரல் இனிமை மட்டும் போதாது, உடல் வலுவும் நீண்ட அப்பியாசமும் வேண்டும். அந்த அரிய வழி கைவந்ததால் 'கனம்' என்பது அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் அடாணாவில் ஒரு கீர்த்தனம் பாடக் கேட்டு, அதே ராகத்தில் 'சும்மா சும்மா வருகுமா சுகம்' பதத்தை அங்கேயே இவர் இயற்றிப் பாடினார் என்பது இசை உலகம் வழிவழியாகச் சொல்லும் செய்தி.

உடையார்பாளையத்தில் கச்சிக் கல்யாணரங்க உடையார் இவரை ஆதரித்தார். ஒருமுறை ஜமீன்தாரைக் காண முடியாமல் நாட்கள் ஓடின. கிருஷ்ணையர் யாரிடமும் முறையிடவில்லை. தலைவன் மறந்துவிட்ட தலைவியின் ஏக்கமாக ஒரு பதம் அமைத்துப் பாடினார். உடையாருக்கு உட்பொருள் விளங்கிவிட்டது. க்ஷேத்ரக்ஞரின் தெலுங்குப் பதங்கள் கோலோச்சிய காலத்தில், தமிழிலும் அதே நயத்தோடு சிருங்காரம் பாடலாம் என்று நிறுவியவர்களில் இவரை முன்வரிசையில் வைக்க வேண்டும்.

1854-ல் அவர் மறைந்தார். மறு ஆண்டு பிறந்தார் அவருடைய உறவினர் உ.வே. சாமிநாதையர். உ.வே.சா.வின் தந்தை வேங்கடசுப்பையர், கிருஷ்ணையரிடமே இசை பயின்றவர். தந்தையின் கதாகாலட்சேபப் பிழைப்போடு குடும்பம் அரியலூர், குன்னம் என்று இடம்பெயர்ந்தது. அரியலூர்ச் சடகோபையங்காரிடம் தமிழ் கற்ற அந்தப் பிள்ளையின் காதில், வீட்டில் தந்தை பாடிய பதங்களும் விழுந்துகொண்டே இருந்தன. பிற்காலத்தில் ஏடு தேடி அலைந்த அந்தக் கைகளே 1936-ல் 'கனம் கிருஷ்ணையர்' நூலையும் எழுதின. அந்த நூல் இல்லாவிட்டால் மேலே சொன்னவற்றில் பாதி நமக்குத் தெரிந்திருக்காது.

பைரவி ராகத்து 'வேலவரே' பதத்துக்கு இன்றும் பரதநாட்டிய மேடைகளில் அபிநயம் பிடிக்கிறார்கள். அதுவும் கனம் கிருஷ்ணையர் இயற்றியதுதான். சபாக்காரர்களே, ராகத்தையும் தாளத்தையும் அறிவிக்கும்போது அவர் பெயரையும் உடையார்பாளையத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.