ஹோக்கூலேஆ: பாலினீசியர் கடற்செலவுக்கு ஒரு சான்று

பசிபிக் பெருங்கடலில் ஹவாய், நியூசிலாந்து, ஈஸ்டர் தீவு ஆகிய மூன்றையும் முனைகளாகக் கொண்டு ஒரு முக்கோணம் வரையின், அதனுள் அடங்கும் தீவுகளின் தொகுதியே பாலினீசியம் எனப்படும். இத்துணை அகன்ற பரப்பில் ஒரே குடும்பத்தைச் சார்ந்த மொழிகளைப் பேசும் மக்கள் வாழ்ந்தமை, 18 ஆம் நூற்றாண்டில் அங்குச் சென்ற ஐரோப்பியக் கடலோடிகளைப் பெரிதும் வியப்பித்தது. இரும்பும் எழுத்தும் திசைகாட்டியும் இல்லாத மக்கள் இத்தீவுகளை யாங்ஙனம் கண்டனர்? நாடிச் சென்று கண்டனரா? காற்றால் எற்றுண்டு ஒதுங்கினரா? இருபதாம் நூற்றாண்டில் இவ்வினா வெறும் நூலறிவினர் வழக்காக நில்லாது, ஒரு மக்களின் மானத்தைப் பற்றியதாகவும் ஆயிற்று. அவ்வழக்கில் ஒரு மரக்கலம் சான்றாக நின்றது. அச்சான்றின் வலிமை யாது, எல்லை யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் மொழிச்சான்று ஒன்றைக் காண்போம். மரக்கலத்தை மாவோரி மக்கள் ‘வக்கா’ என்பர். தஹித்தியரும் ஹவாயினரும் இடையிலுள்ள ககரத்தை இழந்து, தொண்டையை ஒருகணம் அடைத்து, ‘வஅ’ என ஒலிப்பர். இவ்வாறே பிற பாலினீசிய மொழிகளின் தகரம் ஹவாய் மொழியில் ககரமாகத் திரியும். ஆதலின் ‘தஹித்தி’ என்னும் பெயர் ஹவாயினர் வாயில் ‘கஹிகி’ என வழங்கும். அவர்தம் பழங்கதைகளில் முன்னோர் வந்த நாடு கஹிகியே. கஹோஓலாவே என்னும் தீவின் மேற்கு முனைக்கும் அதனையடுத்த கடற்கால்வாய்க்கும் ‘கஹிகிக்குச் செல்லும் வழி’ என்னும் பொருளுடைய பெயர் இன்றும் உண்டு. இடப்பெயராய்வில் பயின்றோர் இதன் அருமையை உணர்வர். எனினும், கஹிகி என்பது நாளடைவில் கடலுக்கு அப்பாற்பட்ட எந்நாட்டையும் குறிக்கும் பொதுப்பெயராயிற்று. எனவே பெயர் ஒன்றையே கொண்டு செலவு நிகழ்ந்தது என்று முடிவு கட்டுதல் சாலாது.

இந்நிலையில், நியூசிலாந்தைச் சார்ந்த ஆண்ட்ரூ ஷார்ப்பு என்னும் வரலாற்றாசிரியர் 1956 இல் வெளியிட்ட நூல் ஆராய்ச்சியுலகைக் கலக்கியது. ஏறத்தாழ 300 மைலுக்கு மேற்பட்ட தொலைவில் உள்ள தீவுக்கு, கருவியின்றிக் குறிவைத்துச் சென்று மீளுதல் இயலாது என்பது அவர் கோள். நெடுந்தொலைவிலுள்ள தீவுகளில் குடியேற்றம் நிகழ்ந்தது புயலால் திசைமாறியோராலும், நாடு நீங்கி விதிவழிச் சென்றோராலுமே என்றார் அவர். அதற்கு முன்னரே 1947 இல் தோர் ஹேயர்தால் பெரு நாட்டினின்று ‘கோன்-திக்கி’ என்னும் மிதவையில் புறப்பட்டு 101 நாள் மிதந்து துவாமோத்துத் தீவுகளை அடைந்திருந்தார். இருவர் கொள்கையும் தம்முள் வேறு. ஆயினும், முன்னோர் கடலை அறிந்து கடந்தனர் என்ற பாலினீசியரின் வழிவழிக் கூற்று இவ்விரண்டின் முன்னும் வெறும் கற்பனையாகவே எஞ்சியது. ஷார்ப்பைப் பகைத்துப் பேசுதல் எளிது. ஆனால் மறுப்போர் நூல்களையன்றி நீரை நாடுமாறு செய்தது அவர் கேள்வியின் கூர்மையே.

1973 இல் லெவிசன், வார்டு, வெப் என்னும் மூவர் காற்று, நீரோட்டக் கணக்குகளைக் கணிப்பொறியில் இட்டு ஆராய்ந்தனர். நடுப்பாலினீசியத்தினின்று வெறுமனே மிதந்து செல்லும் கலம் ஹவாயையோ நியூசிலாந்தையோ ஈஸ்டர் தீவையோ அடைதல் அரிது என்பது அவர்கள் கண்ட முடிபு. அதே ஆண்டில் மானிடவியலறிஞர் பென் ஃபின்னி, ஓவியர் ஹெர்ப் கானே, தாமி ஹோம்சு ஆகியோர் ஹவாயில் பாலினீசியக் கடற்செலவுக் கழகத்தை நிறுவினர். அவர்கள் சமைத்த இரட்டைத் தோணி 1975 மார்ச்சு 8 அன்று நீரில் இறங்கியது. அதன் நீளம் ஏறத்தாழ 62 அடி; இரு தோணிகளையும் குறுக்குமரங்கள் இணைப்பன; நண்டின் கொடுக்கு வடிவான பாய்கள் இரண்டு. ‘ஹோக்கூலேஆ’ என்னும் பெயர் ‘மகிழ்ச்சி மீன்’ எனப் பொருள்படும். நாம் சோதி என்றும் சுவாதி என்றும் வழங்கும் விண்மீனே அது.

இவ்வகைக் கலத்தை ஆங்கிலர் நம் ‘கட்டுமரம்’ என்னும் சொல்லின் திரிபால் அழைப்பதை ஈண்டுக் குறிப்பிடலாம். ஆயின், மரத்துண்டுகளைப் பிணித்த நம் கட்டுமரம் வேறு, இரு தோணிகளை இணைத்த அவர் கலம் வேறு. சென்னை மாகாண மீன்துறைத் தலைவராயிருந்த ஜேம்சு ஹார்னெல் நம் தென்கரைப் படகுகளில் பாலினீசியச் சாயல் கண்டெழுதியது உண்மையே. எனினும், ஆங்கிலர் கடன் வாங்கிய ஒரு சொல்லைக் கொண்டு உறவுமுறை நாட்டுதல் ஆராய்ச்சியாகாது.

இனி 1976 ஆம் ஆண்டின் செலவைக் காண்போம். கலம் மே முதல் நாள் மாவுயித் தீவினின்று புறப்பட்டது. தஹித்தி ஏறத்தாழ 2,500 மைல் தொலைவில், நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே உள்ளது. அதனை அடைய வாணிகக் காற்றிற்கு எதிர்முகமாகக் கிழக்கே ஒதுங்கிச் செல்லல் வேண்டும். நடுவே காற்று அடங்கிய மண்டலத்தைக் கடத்தல் வேண்டும். திசைகாட்டியோ கடற்படமோ கடிகாரமோ வழிகாண்போரிடம் இல்லை. பின்னே துணைக்கலம் ஒன்று சென்றது. எனினும் இருக்கும் இடத்தைப் பற்றி அக்கலத்தார் ஒன்றும் உரைத்தல் கூடாது என்பது ஒப்பந்தம். வழிகாட்டியவர் மாவு பியாய்லுக். விண்மீன் எழும் இடத்தையும் படும் இடத்தையும் கொண்டு திசை அறிந்தார். முகில் மூடியபோது, தொலைவினின்று வரும் நெடுந்திரை கலத்தை அசைக்கும் அசைவைக்கொண்டு திசை அறிந்தார். வடமீன் நாளும் தாழ்ந்து நிலநடுக்கோட்டருகே மறைந்தது. அவர் அதற்குமுன் சென்றறியாத கடல் அது. ஒரு திங்கள் கடந்தபின், மாலையில் தம் தீவுக்கு மீளும் கடற்பறவைகள் கரையின் அண்மையை அறிவித்தன. துவாமோத்துக் கூட்டத்தின் மத்தாய்வாத் தீவில் இறங்கி, சூன் 4 அன்று தஹித்தியின் தலைநகரான பப்பீட்டேயை அடைந்தனர்.

ஷார்ப்பின் ‘இயலாது’ என்னும் சொல் இதனால் வீழ்ந்தது. ஆனால் ‘இயலும்’ என்பது வேறு. ‘நிகழ்ந்தது’ என்பது வேறு. இன்று ஒருவர் ஒன்றைச் செய்துகாட்டுவதால் முன்னோர் அதனைச் செய்தனர் என்பது பெறப்படாது. இவ்வேறுபாட்டைப் போற்றாத புகழுரைகள் பல உள. நிகழ்ந்தமைக்குச் சான்று மண்ணினின்றே கிடைத்தல் வேண்டும். அது கிடைத்தும் உள்ளது. துவாமோத்துக் கூட்டத்தின் நப்புக்காத் தீவில் பெறப்பட்ட கல்வாய்ச்சி ஒன்றைக் கொலர்சன், வெய்ஸ்லர் என்னும் இருவர் வேதியல் முறையில் ஆராய்ந்து 2007 இல் முடிவு வெளியிட்டனர். பவளத்தீவாகிய நப்புக்காவில் எரிமலைக் கல் இல்லை. வாய்ச்சியின் கல் கஹோஓலாவேயைச் சார்ந்தது என்பது அவர்கள் முடிபு. ‘கஹிகிக்குச் செல்லும் வழி’ என்னும் பெயர் தாங்கிய முனை அத்தீவிலேயே உள்ளமை முன்னர்க் காட்டப்பட்டது. இடப்பெயரும் கல்லும் கலமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இடம் இது.

விண்மீன் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். சோதி மீன் ஹவாய்த் தீவின் உச்சியைக் கடந்து செல்வதால், அதன் நேர்கீழ் நிற்போர் தாம் அத்தீவின் நேர்நிலையை எய்தியதாக உணர்வர் என்பது இக்காலத்தார் விளக்கம். இன்று அம்மீன் வடக்கே ஏறத்தாழ 19 பாகையில் உளது. விண்ணச்சின் மெல்லிய சுழற்சியைக் கணக்கிடின், 800 ஆண்டுகளுக்கு முன் அது ஏறத்தாழ 23 பாகையில் இருந்திருத்தல் வேண்டும்; அஃதாவது பெருந்தீவுகளுக்குச் சற்று வடக்கே. எனவே இன்றைய வானத்தை அப்படியே முன்னோர்க்கு உரியதாக்குதல் பொருந்தாது.

பியாய்லுக் பாலினீசியர் அல்லர் என்பதும் மறைத்தற்குரியதன்று. அவர் மிக்ரோனீசியத்தின் சத்தவால் என்னும் சிறு தீவினர். ஹவாயில் இக்கலை வழக்கிறந்து போயிற்று. பிறிதோர் இனத்தாரிடம் கடன் கொள்ளவேண்டிய நிலை. செலவினிடையே கலத்தில் பூசல் எழுந்தது. மனம் நொந்த பியாய்லுக் தஹித்தியிலிருந்து தம் ஊர் சென்றுவிட்டார். கலம் கருவிகளின் துணையால் மீண்டது. 1978 மார்ச்சில் மீண்டும் புறப்பட்ட கலம் முதல் இரவிலேயே மொலொக்காய்க் கால்வாயில் கவிழ்ந்தது. உதவி தேடித் தம் அலைப்பலகையில் தனியே துடுப்பிட்டுச் சென்ற எடி ஐக்காவ் மீளவேயில்லை, ஏனையோர் மீட்கப்பட்டனர். இத்துயருக்குப் பின்னரே பியாய்லுக் திரும்பிவந்து நைநோவா தாம்சனுக்குக் கற்பித்தார். தாம்சன் 1980 இல் கருவியின்றித் தஹித்திக்குச் சென்று மீண்டார். 2007 இல் ஹோக்கூலேஆ சத்தவாலுக்கே சென்றது. உடன் சென்ற ‘அலிங்கானோ மைசு’ என்னும் கலம் ஆசிரியர்க்குக் காணிக்கையாக அளிக்கப்பட்டது. 2010 இல் அவர் மறைந்தார்.

கலம் கடலில் செய்ததைப் பலரும் எழுதினர். கரையில் நிகழ்ந்தது அத்துணை ஆராயப்படவில்லை. பப்பீட்டேயில் 1976 இல் 17,000 மக்கள் திரண்டனர். சிறுவர் கூட்டமாக ஏறியதால் கலத்தின் பின்புறம் நீரில் அமிழ்ந்ததாம். 1985 டிசம்பரில் நியூசிலாந்தின் வைத்தாங்கியில் இறங்கியபோது, மாவோரிப் பெரியார் சர் ஜேம்சு ஹெனாரே, தம் வடநாட்டின் ஐந்து குடிகளோடு வந்தவரை ஆறாம் குடியாகச் சேர்த்தார். ‘ஙாத்தி ருவாவாஹியா’ என்பது அக்குடியின் பெயர். ருவாவாஹியா என்பது சோதி மீனுக்கு மாவோரிப் பெயர். கலத்தின் பெயரால் குடி அமைவது அவர் மரபு. ஒரு குலவரலாறு பிறக்கும் விதத்தை நாம் கண்ணெதிரே காண்கிறோம். இதனைப் பழஞ்சான்றாகக் கொள்ளல் தவறு. பொய் என ஒதுக்கலும் தவறு. 1995 இல் ராயியாத்தேயாத் தீவின் தப்புத்தப்புவாத்தேயா வழிபாட்டுக் களத்தில் பல தீவுக் கலங்களும் கூடின. முன்னொரு காலத்துக் கொலையால் நேர்ந்ததெனக் கருதப்பட்ட தடை அங்குச் சடங்குமுறையால் நீக்கப்பட்டது.

எஞ்சியது மரம் பற்றிய ஐயம். ஹோக்கூலேஆ ஒட்டுப்பலகையும் கண்ணாடி நாரும் பிசினும் கொண்டு செய்த கலம். எனவே மரபுப் பொருளாலேயே மற்றொன்று செய்ய முனைந்தனர். ஆனால் தோணி குடைதற்கேற்ற பெரிய கோஆ மரம் ஹவாய்க் காடுகளில் அகப்படவில்லை. தேடியோர் கண்டது தம் காட்டின் அழிவையே. அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையிலுள்ள திலிங்கித்து, ஹைடா முதலிய பழங்குடியினரின் சீலாஸ்கா நிறுவனம் ஏறத்தாழ 400 ஆண்டு வளர்ந்த ஸ்புரூசு மரங்கள் இரண்டைக் கொடையாக வழங்கியது. ‘ஹவாயிலோவா’ என்னும் அக்கலம் 1993 இல் நீரில் இறங்கியது. அயல்மரம் மரபுக்கு ஏலாது எனின், 1792 இல் வாங்கூவர் கவாயித் தீவில் கண்ட பெருந்தோணியை நினைக்க: அது வட அமெரிக்காவினின்று மிதந்துவந்து ஒதுங்கிய ஒரே மரத்தால் ஆயது. கடல் கொண்டுவந்து கொடுத்ததை முன்னோரும் ஏற்றனர்.

1995 இல் ஹவாயிலோவா நன்றி கூறும் பொருட்டு சியாட்டிலினின்று வடக்கே ஜூனோ வரை கரையோர ஊர்களைக் கண்டு சென்றது. வந்த கலம் கரைக்கு அப்பால் நின்று, தாம் யாவர், எங்கிருந்து வந்தனர் என்று கூறி இறங்க இசைவு கேட்பதும், ஊரார் இசைந்து அழைப்பதும் அக்கரையின் முறை. ஏறத்தாழ 30 ஆண்டு கழிந்து 2023 இல் ஹோக்கூலேஆவும் தன் பசிபிக் வலத்தை அங்கேயே தொடங்கிற்று. யாக்குத்தாத்து முதலான ஊர்களைக் கண்டு சூன் திங்களில் ஜூனோவினின்று புறப்பட்டது. அலாஸ்காவில் அம்மரங்களை வெட்டுமுன், தம் காட்டைப் பேணாது பிறர் காட்டில் கோடரி வைப்பது முறையன்று என்று தாம்சன் தயங்கினார். ஆதலின் ஹவாயில் கோஆ நாற்றுகள் ஆயிரக்கணக்கில் நடப்பட்ட பின்னரே மரங்கள் வீழ்த்தப்பட்டன. அந்நாற்றுகள் தோணி குடையும் பருமன் எய்த இன்னும் பல தலைமுறை ஆகும்.