வெள்ளாற்றுக்குத் தெற்கே: நடந்து அறிந்த வரலாறு

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகளே. வழி அறிந்தவர் அறியாதவர்க்கு மலையும் நீர்நிலையும் ஊரும் சுட்டி நெறிப்படுத்துவது அவற்றின் இயல்பு. நிலத்தைப் பற்றிய அறிவு தமிழர்க்கு முதலில் கால்வழியே வந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டா. லப்பைக்குடிக்காட்டைச் சூழ்ந்த நிலத்தின் வரலாறும் நடந்தவர்களால் அறியப்பட்டதே ஆகும்.

வசிட்ட நதியும் சுவேத நதியும் கூடிப் பிறக்கும் வெள்ளாறு, இவ்வூரை அடுத்து ஓடிப் பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கின்றது. ஆற்றங்கரையில் நின்று தென்திசை நோக்குவார்க்கு வானம் பார்த்த வயல்களும் முட்காடுகளுமே தென்படும். காண்பதற்கு இங்கு என்ன உண்டு என்று உள்ளூராரே வினவுவர். அவ்வினாவுக்கு விடை நடைவழிகளில் கிடக்கின்றது.

மேற்கே திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையை அடுத்து ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கின்றது. ஆர்க்காட்டு நவாபின் கீழிருந்த ஜாகீர்தார் ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பியது இது. 1751இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறமும், முகமது அலியும் ஆங்கிலேயரும் மறுபுறமுமாக நின்று பொருத வாலிகண்டபுரப் போர் இதனைச் சூழ நிகழ்ந்தது. அகழியைக் கடந்து, அடுக்கடுக்காய் உயரும் மதில்களின் வழியே மேலேறிச் சென்றால், படை வரும் திசையெல்லாம் அங்கிருந்து தெரிவதைக் காணலாம். கோட்டைக்கு இவ்விடத்தைத் தேர்ந்த காரணம் ஏறிப் பார்த்தவர்க்கே விளங்கும்.

லப்பைக்குடிக்காடு அடங்கிய வட்டத்தின் தலைமையிடம் குன்னம். தமிழ்த்தாத்தா உ.வே. சாமிநாதையரின் இளமைக் கல்வி வளர்ந்த ஊர்களுள் இதுவும் ஒன்று. அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடமும், செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் அவர் பாடம் கேட்டார். ஆசிரியர் இருக்கும் ஊரைத் தேடி ஒரு குடும்பமே இடம்பெயர்ந்த வரலாறு அது. பின்னாளில் ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்தவர்க்கு, அந்த அலைச்சலின் முதற்பயிற்சியை அளித்தவை இந்நிலத்து வழிகளே எனலாம்.

சாமிநாதையரின் இளமை கழிந்த அதே 1860களில், இதே நிலத்தை வேறொரு கண்கொண்டு ஆராய்ந்த நூல்கள் வெளிவந்தன. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு நடந்து அளந்து இப்பகுதிப் பாறைகளை வகைப்படுத்தினார். ஸ்டோலிச்கா இங்குக் கிடைத்த தொல்லுயிர்ப் படிவங்களை விரிவாக விளக்கினார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் நம் ஊர்ப்பெயர்கள் பாறைத் தொகுதிகளின் பெயர்களாக உலக நிலவியல் நூல்களில் ஏறின. கிரெட்டேசியக் காலத்தில் இந்நிலம் கடலாக இருந்தது என்பது அவ்வாய்வுகள் காட்டிய உண்மை.

1940ஆம் ஆண்டு இவ்விரு வழிகளும் மீண்டும் அருகருகே வருகின்றன. அவ்வாண்டில் சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கினார். அதே ஆண்டில் நிலவியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். கரையில் வளர்ந்த மரம் கடலில் வீழ்ந்து, மணலில் புதைந்து, கல்லாயிற்று. அதன் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகள் எனக் கணித்துள்ளனர். ஒருவர் ஓர் ஆயுளின் நினைவை எழுத, மற்றவர் நிலத்தின் நினைவைப் படித்தார்.

சாத்தனூரில் அக்கல்மரம் இன்று பூங்காவாகக் காக்கப்படுகின்றது. அருகிலுள்ள காரையில் மழைநீர் அறுத்த களிமண் மேடுகளும் ஓடைவெட்டுகளும் பரந்து கிடக்கின்றன. நிழலில்லா நிலமாதலின் விடியற்காலையே அங்கு நடப்பதற்கு ஏற்றது. வெயிலில் மின்னும் ஜிப்சத் தகடுகளிடையே, தோட்டா வடிவில் பெலம்னைட்டுகளும் சுருள் வடிவில் அம்மோனைட்டுகளும் காணப்படும். வைணவர் போற்றும் சாளக்கிராமமும் அம்மோனைட்டின் படிவமே என்பது நினையத்தக்கது. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியோ மற்றொரு நடைவழி. குளிர்காலத்தில் இமயம் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் தங்கும் அவ்வேரி 2024இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

எனினும் இவ்வழிகள் நிலைத்தவை அல்ல. பழங்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே சிமெண்டுக்கு மூலப்பொருள். 1939இல் டால்மியாபுரத்தில் ஆலை எழுந்தது முதல் இப்பகுதியில் சுரங்கங்கள் பெருகின. அவை பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன என்பதை மறுத்தல் ஆகாது. ஆயினும் வெட்டியெடுக்கும் ஒவ்வொரு படலமும் படிக்கப்படாமலே எரிசூளைக்குச் செல்லும் ஏட்டுக்கு ஒப்பாகும். நினைவுப்பொருளாகக் கைப்பையில் போட்டுக்கொள்ளும் ஒரு சிறு படிவமும் அவ்வாறே இடமிழந்து பொருளிழக்கின்றது. எந்தப் படலத்தில் கிடந்தது என்பது தெரியாத படிவம், நூற்பெயர் தெரியாத ஒற்றை ஏடே.

ஆடிப்பெருக்கில் சுவடிகளை ஆற்றில் விட்ட வழக்கத்தைக் கேட்டு இன்று வருந்துகிறோம். அவ்வருத்தம் உண்மையாயின், கல்லில் எழுதிய சுவடிகள் கண்முன் அழிகையில் கவிஞர்கள் வீட்டில் இருத்தல் தகுமா? நடந்து காணுதல் வேண்டும். எடுக்காமல் திரும்புதல் வேண்டும். கண்டதை இடமும் நாளும் குறித்து எழுதுதல் வேண்டும். வெள்ளாற்றங்கரைக்கு இன்னும் ஓர் ஆற்றுப்படை எழுதப்படவில்லை.