முதல் பனிச்சறுக்குப் பலகை: உயரம் பார்த்தால் மட்டும் போதாது

ஆண்டிறுதி விடுமுறையில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குச் செல்லும் மலேசிய, சிங்கப்பூர்க் குடும்பங்களில் பலர், நிசேக்கோ போன்ற இடங்களில்தான் முதன்முறையாக ஸ்னோபோர்டு எனும் பனிச்சறுக்குப் பலகையில் கால் வைக்கின்றனர். பலகையின் அளவு பொருந்தாவிட்டால் முதல் நாளே விழுந்து எழுவதிலேயே கழிந்துவிடும். கையை ஊன்றி விழுவதால் மணிக்கட்டில் அடிபடுவது புதியவர்களிடம் அதிகம். ஆகவே அளவு அறிந்து எடுப்பது அவசியம்.

எடையே முதல் கணக்கு

பலகையைச் செங்குத்தாக நிறுத்தினால் அதன் நுனி மோவாய்க்கும் மூக்குக்கும் இடையில் வரவேண்டும் என்பது பழைய வழக்கம். அது தோராயக் கணக்கு மட்டுமே. பலகையை அழுத்தி வளைத்துத் திருப்புவது உடல் எடைதான். ஒரே 170 சென்டிமீட்டர் உயரமுள்ள இருவரில், 58 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 150 சென்டிமீட்டர் பலகை போதும். 85 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 158 தேவைப்படலாம். ஒவ்வொரு பலகைக்கும் அதன் தயாரிப்பாளர் எடை அட்டவணை தருகிறார். அதையே நம்ப வேண்டும்.

புதியவர்கள் தங்கள் எடைக்குரிய அளவுகளில் சற்றுக் குட்டையானதை எடுப்பது நல்லது. அது எளிதில் திரும்பும். நீளமான பலகை வேகத்தில் ஆட்டமின்றிச் செல்லும், ஆழமான புதுப்பனியில் மிதக்கும். ஆனால் கற்றுக்கொள்பவருக்குத் திருப்புவது கடினம். அதற்காக மிகவும் குட்டையானதை எடுத்தால் பலகை தள்ளாடும்.

அகலமும் முக்கியம்

பலர் மறப்பது அகலத்தை. பலகையின் குறுக்கே நிற்பதால் காலணியின் முனையும் குதிகாலும் இருபுறமும் சற்று வெளியே நீட்டும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீட்டினால் பாதகமில்லை. அதைவிட அதிகமானால், சாய்ந்து திரும்பும்போது காலணி பனியில் உரசி ஆளைக் கவிழ்த்துவிடும். பிரிட்டிஷ் அளவில் 10-க்கு மேல் காலணி அணிபவர்கள் அகலப் பலகை கேட்க வேண்டும். சிறிய பாதத்துக்கு அகலப் பலகையும் ஆகாது. ஓரத்தை அழுத்தித் திருப்பக் கால் எட்டாது. அதனால் காலணியை முதலில் அணிந்து பார்த்து, பிறகே பலகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு

பள்ளிச் சீருடை வாங்குவதுபோல் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று பெரிய பலகை எடுக்கக்கூடாது. எடை போதாத பிள்ளையால் அதைத் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

முதல் பயணத்தில் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். அளவு ஒத்துவரவில்லை என்றால் கடையில் மாற்றித் தரக் கேட்கலாம். புறப்படுமுன் ஒவ்வொருவரின் எடை, உயரம், சென்டிமீட்டரில் பாத நீளம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஜப்பானில் காலணி அளவு சென்டிமீட்டரில்தான். எடையைக் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்ல வேண்டாம். பலகை அந்த எண்ணை வைத்தே தேர்ந்தெடுக்கப்படுகிறது.